பேச்சு மூச்சு

மின்யாவுக்குக் கிழக்கே மலை வெள்ளை.
நைலில் படகிலிருந்து பார்த்தால்
யாரோ சுண்ணாம்புப் பானையைக் கவிழ்த்தது போலிருக்கும்.
அங்கேதான் எங்களுக்கு வேலை.
தண்டவாளத்தில் ஓடும் வட்ட ரம்பம்,
அதன் பின்னால் மண்வெட்டியோடு நான்,
பிடியில் வகீஹ்.

வகீஹ் பேசுவான்.
ரம்பத்தின் அலறலுக்கு மேலே குரலை ஏற்றி வைத்துப் பேசுவான்.
மாமியாரின் வாத்து காணாமல் போனது,
ராணுவத்தில் கழுதைக்கு சல்யூட் அடித்தது,
கல்யாணத்தன்று மின்சாரம் போனது
(ஒவ்வொரு முறையும் வேறு மணப்பெண்).
பல் வெள்ளை, நாக்கு வெள்ளை,
கண்ணில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

வசந்த விழா முடிந்த வாரம்
நர்ஸ் தெமியானா ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள்.
மூக்குக்குள் வைக்கும் வடிகட்டி.
அவரைக்கொட்டை அளவில் இரண்டு கிண்ணம்,
நடுவே நரம்பு போல ஒரு பாலம்.
துணி முகமூடி பத்து மணிக்குள் வியர்வையில் சேறாகி
கழுத்தில் தொங்கும். இது தொங்காது.
"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வந்தாச்சு" என்றான் வகீஹ்,
"ஏர் எங்கே?"
தெமியானா சிரிக்கவில்லை.
"மூக்கால் மட்டும் மூச்சு விடணும்.
வாயைத் திறந்தால் இது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்."
அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர்
கல் அறுத்தவராக இருக்க முடியாது.

முதல் நாள்தான்
ரம்பம் இப்படிக் கத்தும் என்று தெரிந்தது.
பதினோரு வருடம்
அவன் குரலுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது.

மாலையில் அவரவர் பிடுங்கிப் பார்த்தோம்.
இரண்டு சின்னத் தயிர்க்கட்டி.
பெகித் தன்னுடையதை நகத்தால் சுரண்டி
"இவ்வளவா?" என்றான்.
யாரும் கணக்குப் போடவில்லை.
படகில், இருட்டில், அது தானாக வந்தது:
பதினோரு வருடம், பெருக்கல் முந்நூறு நாள்.

மூன்றாம் நாள் வகீஹ் கையால் பேசத் தொடங்கினான்.
வாத்து வந்தது. மாமியார் வந்தாள்.
இடுப்பில் கை வைத்து அவள் தேடிய தேடலில்
பெகித் வெடித்துச் சிரித்தான்,
நானும் சிரித்தேன்,
வாயெல்லாம் மலை.
வகீஹ் எங்களைப் பார்த்தான்.
கையை இறக்கி ரம்பத்தின் பிடியில் வைத்தான்.
அப்புறம் கையும் பேசவில்லை.

பெட்டியில் ஒன்பது ஜோடி மிச்சமிருந்த செவ்வாய்க்கிழமை.
மின்கம்பி ஒன்று தோலுரிந்து
தூளுக்கடியில் கிடந்திருக்கிறது.
என் மண்வெட்டிக்குப் பிடியும் இரும்பு.
குனிந்துவிட்டேன்.

பகூம்!

என் பெயர் கடைசி எழுத்தில் வாயை மூடிவிடும்.
அதற்கு முன்னால் நெடுநேரம் திறக்க வேண்டும்.
அடிவயிற்றிலிருந்து இழுத்துத் திறந்தான்.
அவன் கதை எதிலும் அவ்வளவு பெரிய குரல் வந்ததில்லை.
மண்வெட்டி நின்ற இடத்துக்கும் கம்பிக்கும்
ஒரு சாண்.

அவன் இருமி முடிக்க வெகுநேரம் பிடித்தது.
தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பினான்,
பாலாக விழுந்தது.
"இனி வாத்துக்குப் பெயர் பகூம்" என்றான்,
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

மாலையில் எல்லோரும் எடுத்துப் பார்த்தோம்.
அவனுடையதும் எங்களுடையது போலத்தான்,
அதே வெள்ளை, அதே அளவு.
அந்த ஒரு சத்தத்தோடு உள்ளே போனது
எந்தக் கிண்ணத்திலும் இல்லை.
தூரத்தை அளக்கக் கூப்பிடு தூரம் இருக்கிறது.
தூசிக்கு அப்படி எதுவும் இல்லை.
நானாக வைத்துக்கொண்டேன்:
ஒரு கூப்பிடு தூசி.

அடுத்த பெட்டிக்குக் கூலியில் பிடிப்பார்களாம்.
பிடிக்கட்டும்.
அவன் பங்கையும் என் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டேன்.
அவனிடம்
மூச்சு விடவில்லை.